கேஷுவல் லாபியிலும் திறமை பார்த்துத்தான் ஆள் சேர்க்கணுமா?

கடைசிரவை:
கால் ஆஃப் டூட்டி துப்பாக்கி ஆட்ட வரிசையில் பிளாக் ஆப்ஸ் 7 நவம்பர் 2025-ல் வந்தபோது, ஆள் சேர்ப்பதில் திறமையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஓப்பன் மேட்ச்மேக்கிங்தான் இயல்பு நிலை. மேட்ச் முடிந்ததும் லாபி (சேர்ந்து ஆடும் கூட்டம்) கலைவதும் நின்றது. பல வருஷமாகக் கத்தியதற்கு இப்போதுதான் பலன். தரவரிசைக்காக ஆட ரேங்க்டு என்று தனி வரிசை இருக்கிறதே, அப்புறம் பொழுதுபோக்குக்கு ஆடும் கேஷுவலிலும் எதற்கு எஸ்பிஎம்எம், அதாவது திறமை பார்த்து ஆள் சேர்ப்பது? ரெண்டு மேட்ச் நன்றாக ஆடினால் மூன்றாவதில் வைத்துச் செய்கிறார்கள். நாம் ஏற ஏற எதிராளியும் ஏறினால் கே/டி (ஒரு சாவுக்கு எத்தனை கொலை என்ற விகிதம்) ஒன்றைச் சுற்றியே நிற்கும். முன்னேறினோமா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

சப்போர்ட்5:
இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள் ப்ரோ. 2024 தொடக்கத்தில் அதே வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 3-ல் வட அமெரிக்காவில் ஒரு பகுதிப் பேருக்குத் திறமையின் எடையைக் குறைத்தார்கள். அந்த ஜூலையில் ஆட்டத்தின் கம்பெனியான ஆக்டிவிஷன் வெளியிட்ட அறிக்கைப்படி 90% பேர் திரும்பி வருவது குறைந்தது, திறமையில் மேல் 10% பேர் மட்டும் கூடுதலாக வந்தார்கள். கீழே இருப்பவன் அடி வாங்கிப் போய்விட்டால், நேற்று நடுவில் இருந்தவன்தான் இன்றைக்குக் கடைசி. அடுத்த மாதம் அவனும் போவான். உங்கள் முறை வர எத்தனை மாதம்?

கடைசிரவை:
யார் அறிக்கை? 2017 அக்டோபரில் இதே கம்பெனி வாங்கிய காப்புரிமையைப் படித்துப் பாருங்கள். பொருள் வாங்கத் தூண்டுகிற மாதிரி எதிராளியைச் சேர்த்துவிடும் முறை அது. எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்றார்கள், சரி. ஆனால் வெற்றி விகிதத்தை 50-லேயே பிடித்து வைக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது? அஞ்சு தோல்வி வரிசையாக விழுவது தற்செயலா?

சிக்மா:
தற்செயல்தான். காசைச் சுண்டுவது போல 50-50 ஆட்டங்கள் நூறு ஆடினால், எங்காவது ஓரிடத்தில் அஞ்சு தொடர் தோல்வி வர வாய்ப்பு சுமார் 81%. வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். நம் தரத்துக்குச் சரியான எண்ணில் நின்றால் பாதி ஜெயிப்போம், பாதி தோற்போம். அதை யாரும் பிடித்து வைக்கத் தேவையில்லை.

"ரெண்டு மேட்ச், மூன்றாவதில் அடி" என்பதைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. வெற்றி தோல்வியை மட்டும் பார்க்கும் முறை அவ்வளவு வேகமாக நகராது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் எக்ஸ்பாக்ஸ் லைவுக்குச் செய்த ட்ரூஸ்கில் என்ற திறமைக் கணக்கு புதியவருக்கு 25 என்ற மதிப்பையும், அதில் எவ்வளவு சந்தேகம் என்பதற்கு 8.33 என்ற ஐய அளவையும் கொடுத்துத் தொடங்கும். மதிப்பிலிருந்து ஐயத்தின் மூன்று மடங்கைக் கழித்துக் காட்டுவதால் தொடக்கத்தில் 0 தெரியும். அந்த ஐயம் அடங்க ஒற்றைக்கு ஒற்றை என்றால் 12 ஆட்டம் போதும். நாலுக்கு நாலு என்றால் 46, எட்டுக்கு எட்டு என்றால் 91. அணி பெரிதாக ஆக, யாரால் ஜெயித்தோம் என்பது கணக்குக்குத் தெரிவதில்லை.

கால் ஆஃப் டூட்டி கில், டெத், சமீபத்திய மேட்ச் எல்லாவற்றையும் சேர்க்கிறது. தரத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், அதே வேகத்தில் மேலும் கீழும் அலையவும் செய்யும். தனிநபர் புள்ளிகளைச் சேர்த்த ட்ரூஸ்கில் 2 (2018) வெற்றியாளரைக் கணிப்பதை 52 சதவீதத்திலிருந்து 68-க்கு உயர்த்தியது. பெரிய பாய்ச்சல்தான், ஆனாலும் மூன்றில் ஒன்று தப்பு.

மிட்லேன்:
ரெண்டு பேரும் தப்பான இடத்தில் முட்டிக்கொள்கிறீர்கள். கோளாறு சராசரியில் இருக்கிறது. ஒரு டீமில் அஞ்சு பேருக்கும் திறமைப் புள்ளி 1500. எதிர் டீமில் ஒருத்தர் 2100, மற்ற நாலு பேர் 1350. கூட்டினால் ரெண்டும் 7500, சிஸ்டத்துக்கு அம்சமான மேட்ச். செஸ்ஸில் பயன்படும் ஈலோ கணக்கில் 1500காரரோடு தனியாக மோதினால் அந்த 2100-க்கு 97% வாய்ப்பு, 1350-க்கு 30% கூட முழுசாக இல்லை. இதில் சமம் எங்கே?

அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒருத்தன் மூன்று தலையைத் தட்டினால் ரவுண்டே கைக்கு வரும், அதனால் உயரமான ஆள் இருக்கும் டீமுக்கு லாபம். டோட்டாவில் பலவீனமான லேன்தான், அதாவது மோதும் பாதைதான், தலையெழுத்து. அங்கே ஒருவன் நாலு தடவை செத்தால் எதிராளி கேரிக்கு (போகப்போக வலுக்கும் முக்கிய ஆள்) கோல்டும் அனுபவப் புள்ளியும் போய், இருபதாவது நிமிஷத்தில் உங்கள் 2100காரரையும் சேர்த்து மிதிப்பான். ரெண்டுக்கும் ஒரே சராசரிச் சூத்திரம் எப்படிச் சரியாகும்?

சப்போர்ட்5:
நண்பர்கள் பார்ட்டியாகச் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம். வாலரன்ட் ரேங்க்டில் நாலு பேர் பார்ட்டிக்கு அனுமதியே இல்லை. அனுமதித்தால் அஞ்சாவதாக வரும் ஒற்றை ஆள் பாவம், எல்லாத் திட்டும் அவன் தலையில் விழும். ஓவர்வாட்ச் 2-ல் ரேங்க் வித்தியாசம் அதிகமுள்ள பார்ட்டியை இன்னொரு அப்படிப்பட்ட பார்ட்டியோடுதான் மோதவிடுகிறார்கள். வரிசை நீளும், ஆனால் நியாயம்.

கேஷுவலில் இது எதுவும் வேண்டாம் என்றால் எக்ஸ்டிஃபயன்ட் என்ற ஆட்டத்தின் கதைதான். மே 2024-ல் எஸ்பிஎம்எம் இல்லை என்று பெருமையாக இறங்கினார்கள், ஜூன் 2025-ல் சர்வரை மூடினார்கள்.

கடைசிரவை:
எக்ஸ்டிஃபயன்ட் செத்தது நெட்கோடால், அதாவது சர்வரோடு பேசும் நிரலால். சுட்டது படவில்லை என்று முதல் வாரமே புலம்பல் ஆரம்பித்தாயிற்று. அதை மேட்ச்மேக்கிங் கணக்கில் எழுதாதீர்கள்.

சிக்மா:
அதே ஆட்டத்தில் லெவல் 25 வரை புதியவர்களுக்குத் தனி வரவேற்பு வரிசை இருந்தது. அங்கே மட்டும் திறமை பார்த்தார்கள். வேண்டாம் என்றவர்களாலும் முழுசாக விட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிட்லேன்:
நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு தலைவலி. டோட்டாவையும் கவுன்டர் ஸ்ட்ரைக்கையும் நடத்தும் வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் இருக்கிறது, ஆனால் ராத்திரி மூணு மணிக்கு ஆள்? 200 பேர் காத்திருக்கிறார்கள் என்றே வைப்போம். நாலு மோடில் பிரித்தால் ஐம்பது, பார்ட்டிகளைக் கழித்தால் இன்னும் குறைவு. நம் திறமைப் புள்ளிக்கு ±100-க்குள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். உடனே ஆள் தேடும் எல்லை விரியும், ±200, ±400. அப்புறம் "மேட்ச்மேக்கிங் குப்பை" என்று பதிவு. சிங்கப்பூரையும் டிக் செய்தால் ஆள் கிடைக்கும், பிங் (சர்வர் பதில் வரும் தாமதம்) ஏறும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 செட்டிங்ஸில் அதிகபட்ச மேட்ச்மேக்கிங் பிங் என்று ஒன்று இருக்கிறது. அதை ரொம்பக் குறைத்து வைத்துவிட்டு வரிசை நகரவில்லை என்று அழுகிறவர்கள் ஏராளம். பிங், நேரம், திறமை மூன்றில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகணும்.

சிக்மா:
கேஷுவலுக்கு என் யோசனை: சராசரியைக் கண்டுகொள்ள வேண்டாம். லாபியில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும் வரம்பு வையுங்கள். முதல் 60 விநாடி 300 புள்ளி, அடுத்த 60 விநாடி 500, அதற்கு மேல் வரம்பு இல்லை, ஆனால் அதைத் திரையில் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் பார்ட்டி ஒரு பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கமும் மூன்று பேர் பார்ட்டி. 300-க்குள் மேலும் கீழும் ஆள் வருவதால் ஒரு மேட்ச் லேசாகவும் ஒரு மேட்ச் கடினமாகவும் இருக்கும், நீங்கள் கேட்ட மாதிரியே.

கடைசிரவை:
இதில் 80% ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 2100காரன்? அவனுக்கு 300-க்குள் ஆளே இருக்காது, தினமும் ரெண்டு நிமிஷம் காத்துக் கிடப்பான். பொறுக்காமல் புது அக்கவுன்ட் போட்டு, புதியவன் வேஷத்தில் ஸ்மர்ஃபாக வருவான். டோட்டாவில் 2023-ல் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுன்டைத் தூக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா?

சப்போர்ட்5:
அவனுக்குத்தான் ரேங்க்டு என்று தனி வரிசை இருக்கிறதே. முதல் பதிவிலேயே நீங்கள் சொன்னதுதானே, ப்ரோ?