செவன் சாமுராய் 4கே டிஸ்க்: 2010 ப்ளூ-ரே வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

கறுப்புவெள்ளை கேட்டது:

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் செவன் சாமுராய், டிஸ்க் வெளியீட்டு நிறுவனமான க்ரைட்டீரியன் 2010-இல் விட்ட ப்ளூ-ரே வைத்திருக்கிறேன். 2024 நவம்பரில் அவர்களே 4கே பதிப்பு விட்டார்கள்: ஒரு 4கே டிஸ்க், கூட இரண்டு ப்ளூ-ரே. டிவி 55 அங்குலம். இப்போதுள்ள பிளேயர் சிங்கப்பூரில் வாங்கியது; 4கே பிளேயரைச் சென்னையில் வாங்க உத்தேசம். இரண்டு சந்தேகம். பழைய டிஸ்கில் சில ஷாட்டுகள் மட்டும் திடீரென்று மங்கலாகின்றன, புதியதில் அது சரியாகியிருக்குமா? ஒலியில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கின்றன, எதை வைத்துப் பார்ப்பது?

படச்சுருள்:

இந்தப் படத்தின் மூல கேமரா நெகடிவ் இன்று இல்லை. அதற்கடுத்த தலைமுறைப் பிரதிகளிலிருந்துதான் எல்லா டிஸ்கும் வருகிறது. தயாரிப்பு நிறுவனமான தோஹோ செய்து 2024-இல் கான் விழாவின் க்ளாசிக்ஸ் பிரிவில் காட்டிய 4கே மறுசீரமைப்பும் அப்படித்தான். அதனால் நெகடிவிலிருந்து ஸ்கேன் செய்த படங்களில் வரும் கூர்மையை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

மங்கல் ஷாட்டுகளை மறுபடி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ‘வைப்’ (wipe) மாற்றத்துக்கு முன்னும் பின்னும்தான் இருக்கும். அடுத்த காட்சி திரையோரத்திலிருந்து முந்தைய காட்சியைத் துடைத்துக்கொண்டு வருமே, அது. ஃபிலிமை இன்னொரு ஃபிலிமில் பிரதியெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் செய்த வேலை. அந்தத் துண்டு மட்டும் இன்னொரு முறை பிரதியாகியிருக்கிறது. கிரெயின் (ஃபிலிமின் மணித் துகள்) தடிக்கும், கறுப்பு சாம்பலாகும். எத்தனை கே-யில் ஸ்கேன் செய்தாலும் அது போகாது. போயிருந்தால் யாரோ கிரெயினை வழித்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

4கே-யின் உண்மையான லாபம் சாம்பலில் இருக்கிறது. ப்ளூ-ரே 8 பிட். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 220 படி. 4கே டிஸ்க் 10 பிட், 877 படி. வண்ணமில்லாத படத்தில் எல்லாமே இந்தப் படிகள்தான். இளம் சாமுராய் கட்சுஷிரோ காட்டில் பூக்களுக்கு நடுவே படுத்திருக்கும் இடத்தையும், கொள்ளையர் கோட்டை எரியும்போது எழும் புகையையும் இரண்டு டிஸ்கிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 8 பிட்டில் பட்டை பட்டையாக உடையக்கூடிய இடங்கள் அவை.

அடுத்தது இட நெருக்கடி. படம் 207 நிமிடம். 50 ஜிபி ப்ளூ-ரேயைப் படத்துக்கே முழுதாகக் கொடுத்தாலும் சராசரி நொடிக்கு 32 மெகாபிட்தான் கிடைக்கும். 4கே டிஸ்கில் 100 ஜிபி வரை இடம், சுருக்கும் முறையும் திறமையானது. கடைசி மழைச் சண்டையில் இது கண்ணுக்குத் தெரியும். மழைக் கோடு, தெறிக்கும் சேறு, கிரெயின் மூன்றும் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் முந்தைய பிரேமைப் பார்த்து ஊகிக்க, படத்தைச் சுருக்கும் என்கோடருக்கு எதுவும் கிடைப்பதில்லை. இடம் போதாதபோது முதலில் சேறுதான் குழைந்து ஒரே திட்டாகும்.

என் கருத்து: வாங்குங்கள்.

மண்டலம் சி:

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று. யூஎச்டி (4கே) டிஸ்குக்கு மண்டலக் குறியீடு (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற கட்டுப்பாடு) கிடையாது, எங்கும் ஓடும். பெட்டியில் கூட வரும் இரண்டு ப்ளூ-ரேயும் மண்டலம் ஏ. சிங்கப்பூர் பிளேயர் ஏ, சரி. இந்தியாவில் விற்கும் பிளேயர் சி. சென்னையில் வாங்கும் பிளேயரில் 4கே டிஸ்க் ஓடும். அந்த இரண்டும் ஓடாது, உங்கள் 2010 டிஸ்கும் ஓடாது. குரோசாவாவும் இயக்குநர் ஓஷிமாவும் பேசும் இரண்டு மணிநேர உரையாடல் போன்றவை ப்ளூ-ரேயில்தான் இருக்கின்றன. பழைய பிளேயரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

கூடுதல் அம்சங்களுக்காக மட்டும் வாங்குவதானால் தேவையில்லை, பெரும்பாலும் 2010 பெட்டியில் இருந்தவைதான். பிரிட்டனில் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்) விட்ட ப்ளூ-ரே மண்டலம் பி. அது உங்களுடைய இரண்டு பிளேயரிலும் ஓடாது.

ஒற்றை ஸ்பீக்கர்:

மோனோ. 1954-இல் படம் வெளியானது மோனோவில்தான். ஸ்டீரியோ பின்னாளில் உருவாக்கியது. ஏவி ரிசீவர் இருந்தால் மோனோவைச் சுற்றொலியாக விரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, டைரக்ட் முறையில் விடுங்கள். டைட்டிலில் வரும் முரசு சற்றுக் கரகரக்கும். அது அந்தக் கால ஆப்டிகல் ஒலிப்பதிவின் குணம். இரைச்சல் கேட்கிறதே என்று ட்ரெபிளைக் குறைத்தால், விவசாயிகளைப் பற்றி நடிகர் மிஃபுனே வெடித்துக் கத்தும் இடத்தில் மெய்யெழுத்துகளெல்லாம் மழுங்கிப்போகும்.

படச்சுருள் சொன்ன சாம்பல் கணக்கு சரி, ஆனால் உட்காரும் தூரத்தை அவர் சேர்க்கவில்லை. 55 அங்குல டிவியின் உயரம் 68.5 செ.மீ. சுமார் 7 அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் 4கே-யின் கூடுதல் புள்ளிகளைச் சாதாரணக் கண் பிரித்தறியாது. இந்தப் படமோ 1.37:1 சட்டகம். 122 செ.மீ அகலத்தில் 94 செ.மீ மட்டும்தான் படம். இருபுறமும் 14 செ.மீ கறுப்புப் பட்டை. ஸூம் போட்டு நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். சாமுராய்களின் கொடியில் ஆறு வட்டம், ஒரு முக்கோணம், அடியில் ஒரு ஜப்பானிய எழுத்து, எல்லாம் ஒரே சட்டகத்தில் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணையுங்கள். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 பிரேம்) இயக்கத்தில் இருக்கட்டும். ஷார்ப்னெஸைக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யமாக்காதீர்கள்: சோனியில் நடுநிலை 50, அதற்குக் கீழே போனால் படம் மங்கும். இதையெல்லாம் செய்துவிட்டு 2010 டிஸ்கை ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள்.

கறுப்புவெள்ளை:

உட்காரும் தூரம் 9 அடி. நாய்ஸ் ரிடக்‌ஷன் ‘ஆட்டோ’வில் கிடந்தது, அணைத்ததும் சாமுராய் கியூஸோவின் வாள் சண்டையில் தரைப் புழுதி தனித்தனியாகத் தெரிகிறது. புகைக் காட்சியில் பட்டை இன்னும் இருக்கிறது.

படச்சுருள்:

புள்ளிகளுக்குத்தான் தூரக் கணக்கு. பட்டை 9 அடியிலும் தெரியும், அதுதான் 10 பிட் சரிசெய்வது.

வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றடுக்கு டிஸ்கில் விரல்ரேகை பட்டாலே உறைந்து நிற்கும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அதன் பிறகும் அதே நொடியில் நின்றால் மாற்று டிஸ்க் கேளுங்கள். நடுவில் இடைவேளை எழுத்து அசையாமல் நிற்க, இசை மட்டும் சில நிமிடம் ஓடும். அதை டிஸ்க் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.