அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்கணும், ஓப்பனா லேப்பா?

மதுரைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 47 வயசு, கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு (சதைக்கட்டி), மாசாமாசம் கட்டி கட்டியா ரத்தம் போயி ஹீமோகுளோபின் 8ல நிக்குது, மாத்திரையெல்லாம் பாத்தாச்சு கேக்கல. ஸ்கேன்ல கர்ப்பப்பை 14 வார கர்ப்பம் அளவுக்கு பெருசா இருக்குன்னு போட்டிருக்கு. நானும் தம்பியும் சிசேரியன். ஒரு டாக்டர் வயித்தை திறந்துதான் எடுக்கணும்ங்கிறாங்க, இன்னொருத்தர் சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோப்பி போதும், வசதி இருந்தா அதையே ரோபோ கையால பண்ற ரோபோட்டிக்கும் பண்ணலாம்ங்கிறார். எதை நம்புறதுன்னே தெரியல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தேவி அக்கா:
கண்ணு, வயித்துல ஒரு தையல்கூட இல்லாம கீழ்வழியாவே, பிறப்புறுப்பு வழியா எடுக்குறதும் இருக்கு. எனக்கு அப்படித்தான் எடுத்தாங்க, மறுநாளே நானா எழுந்து பாத்ரூம் போனேன். கர்ப்பப்பை இறங்கியிருந்தாதான் இது முடியும்னு பலபேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. நீங்களா வாய்விட்டு கேளுங்க.

வார்டு நர்ஸ்:
அக்கா சொல்றது சரி. அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கமே 2017ல, முடியுற இடத்துல எல்லாம் கீழ்வழிதான் முதல்ல, முடியலன்னா லேப், அதுக்கப்புறம்தான் ஓப்பன்னு சொல்லியிருக்கு. ஆனா உங்க அம்மாவுக்கு ரெண்டு சிசேரியன், மூத்திரப்பை கர்ப்பப்பையோட ஒட்டிக்கிட்டு இருக்கலாம், பிரிக்கும்போது கிழியாம பாக்கணும். அதுக்காக முடியவே முடியாதுன்னு இல்லமா, டாக்டர் கையால செக் பண்ணி கர்ப்பப்பை நல்லா அசையுதான்னு பாத்தாதான் தெரியும். லேப்ல வலி கம்மி, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம், ஆனா மூத்திரப்பை, கிட்னில இருந்து வர்ற மூத்திரக்குழாய்ல காயம் படுற ரிஸ்க் ஓப்பனை விட கொஞ்சம் கூட. ரோபோட்டிக்ல புற்றுநோய் இல்லாத கேஸுக்கு சாதாரண லேப்பை விட பெரிய லாபம் கிடையாது, பில்தான் ஏறும். எந்த முறைல அவங்களுக்கு கை பழகியிருக்குன்னு ரெண்டு டாக்டர்கிட்டயும் கேளுங்க. அவசரம் இல்லன்னா 8 ஹீமோகுளோபினோட ஆபரேஷனுக்கு போகாதீங்க, இரும்புச்சத்து ட்ரிப்ஸ் போட்டு ஏத்திட்டு போங்க.

சேலம் கார்த்தி:
பயாப்சி (துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) எடுத்தாங்களா சிஸ்டர்? 45 தாண்டி இப்படி ரத்தம் போனா கர்ப்பப்பை உள்தோல்ல பயாப்சி பாத்துட்டுதான் முடிவெடுக்கணும். கர்ப்பப்பை வாய்ல எடுக்குற பாப் ஸ்மியர் டெஸ்டும் முக்கியம், ஏன்னா கர்ப்பப்பை வாய் புற்றுநோய்னா கணக்கே மாறிடும், ஆரம்ப நிலைலகூட ஓப்பன்ல பண்ணவங்கதான் அதிகம் பிழைச்சாங்கன்னு 2018ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இன்னொன்னு, லேப்ல பெரிய கட்டியை உள்ளயே துண்டாக்கி எடுப்பாங்க, கண்டுபிடிக்காத புற்றுநோய் இருந்தா வயிறு பூரா பரவலாம்னு 2014ல அமெரிக்க மருந்து, கருவி கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு. கட்டியை ஒரு பைக்குள்ள வச்சு வெட்டுவீங்களான்னு கேளுங்க.

மதுரைப்பொண்ணு:
பயாப்சி பத்தி யாருமே சொல்லல, நாளைக்கே கேக்குறேன். ரொம்ப நன்றி. ஓவரியையும் (சினைப்பை) சேத்து எடுத்துடலாம்ங்கிறாங்களே, அது?

வார்டு நர்ஸ்:
அது தனி முடிவுமா. ஓவரி நல்லா இருந்து, குடும்பத்துல மார்பக, ஓவரி புற்றுநோய் யாருக்கும் இல்லன்னா 47ல வச்சுக்கிறதுதான் நல்லது, எடுத்தா உடனே மெனோபாஸ், உடம்பு தகதகன்னு எரியும், எலும்பும் தேயும். கருக்குழாய் ரெண்டையும் மட்டும் எடுத்துக்கலாம், ஓவரி புற்றுநோய் நிறைய பேருக்கு அங்கதான் ஆரம்பிக்குது. கையெழுத்து போடுற பேப்பர்ல என்னென்ன எடுக்கறாங்கன்னு எழுதியிருக்கும், அம்மாவுக்கு படிச்சு காட்டிட்டு போட சொல்லுங்க.