உலகின் மூத்தவர்களில் டீச்சர் யாராவது உண்டா?

ரிட்டயர்டு டீச்சரான அத்தை கேட்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1: பிரேசிலின் இனா கனபாரோ லூகாஸ். கன்னியாஸ்திரி, 1908இல் பிறந்து 2025 ஏப்ரல் 30 அன்று 116 வயதில் காலமானார். சின்ன வயதில் இருந்த ஒல்லிக்கு, பிழைப்பாரா என்றே பலருக்குச் சந்தேகமாம். போர்ச்சுகீஸும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் உருகுவே எல்லையோர ஊர் ஒன்றில் பேண்டு வாத்தியக் குழு வேறு ஆரம்பித்தார்.

பதில் 2: கால்பந்து வெறியர் என்பதை விட்டுவிட்டீர்களே! அவருடைய இன்டர்நேசியோனல் கிளப் தொடங்கியது 1909இல், ஆக பாட்டி தன் டீமைவிட மூத்தவர்.

பதில் 3: நெதர்லாந்தில் ஹென்ட்ரிக்யே என்றொரு தையல் டீச்சரும் உண்டு, 115 வயது, 2005இல் இறந்தார். உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார், மூளையில் அல்சைமர் அறிகுறி பெரிதாக இல்லையாம்.

கேட்டவர்: சரி, தையல் என்றதும் அத்தைக்கு ஒரே குஷி.