காலைல மட்டும் கோடு கோடா வருது, 1060 கிராபிக்ஸ் கார்டை ரிப்பேர் பண்றதா, மாத்துறதா?

கோத்தகிரி ஸ்டுடியோ:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரில சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, ஊர் ஹப்பா (படகர் திருவிழா) எல்லாம் எடுப்போம், எடிட்டிங்கும் நானே தான். சிஸ்டம் ஐ5 8400, 16 ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கார்டு ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. கார்டு 2019ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, அதுக்கு முன்னாடி எங்க ஓடுச்சுன்னு தெரியாது.

மார்கழி பொறந்ததுல இருந்து காலைல ஆன் பண்ணா மதர்போர்டு லோகோ வரும்போதே ரோஸ் கலர்ல நெட்டுக்கு கோடு விழுது. விண்டோஸ் உள்ள போனா ஸ்டார்ட் பட்டனைச் சுத்தி பொடிப் பொடியா பச்சைக் கட்டம், அரிசி தூவுன மாதிரி. அப்படியே அரைமணி நேரம் விட்டு ரூம் கொஞ்சம் சூடாச்சுன்னா எல்லாம் காணாம போயிடும், சரி நல்லாயிடுச்சுன்னு பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ரெண்டர் (முடிச்ச வீடியோவை ஃபைலா எடுக்கிறது) போட்டா பாதில ஸ்கிரீன் கருப்பாகி ஃபேன் மட்டும் கத்தும், ரீஸ்டார்ட் பண்ணணும். போன வாரம் மட்டும் நாலு தடவை. பேரகணி ஊர் ஹெத்தை அம்மன் ஹப்பா வீடியோ பாதில நிக்குது, தை முகூர்த்தம் வேற ஆரம்பிக்கப் போகுது.

இங்க ஒரு கடைல கழட்டிக்கூட பாக்காம செத்துடுச்சுன்னுட்டாங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் போன்லயே, ரீபால் பண்ணா (சிப்பைக் கழட்டி புது ஈயக்குண்டு வச்சு ஒட்டுறது) 3500 ரூபா ஆகும்கிறார். கீழ போயிட்டு வர ஒரு நாள் கடையை அடைக்கணும். என்ன பண்றது?

ஊட்டிக் குளிர்:
ப்ரோ எனக்கும் இதே தான் ஆச்சு, ஹீட்சிங்க்கை கழட்டிட்டு ஹீட் கன்ல சூடு காட்டினேன், ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஓவன்ல வைக்கிறவங்களும் இருக்காங்க.

காந்திபுரம் சர்வீஸ்:
தம்பி, அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க. ரெண்டு மாசம் ஓடுச்சுன்னு அவரே சொல்றாரு பாருங்க, அதுக்கப்புறம்? சிப்புக்கு அடியில குட்டி குட்டி ஈயக்குண்டு தான் போர்டோட ஒட்டியிருக்கும். சிப்பும் போர்டும் சூட்டுக்கு ஒரே அளவுல விரியறதில்லீங்க, வருசக்கணக்கா சூடு, குளிர், சூடு, குளிர்னு இழுத்து இழுத்து அதுல மயிரிழை விரிசல் விட்ரும். குளிர்ந்தா விலகும், சூடானா தொடும். உங்களுக்கு காலைல மட்டும் வர்றது அதனால இருக்கலாம், ஆனா மெமரி சிப்பே போனாலும் இதே மாதிரி தான் காட்டும். ஹீட் கன் வச்சா கொஞ்ச நாள் ஒட்டும், கூடவே பக்கத்துல இருக்கிற நல்ல பார்ட்ஸையும் கெடுத்துப்போடும். சமைக்கிற ஓவன்ல வைக்கவே வைக்காதீங்க, அந்தப் புகை சோத்துக்குத் தான் வரும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கார்டு தான் காரணமான்னு பாருங்க. கட்டம் வர்றப்ப ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்க, படத்துக்குள்ளயும் கட்டம் இருந்தா கேபிள், மானிட்டர் மேல தப்பில்ல. அப்புறம் கார்டைக் கழட்டி வச்சுட்டு மானிட்டரை மதர்போர்டுல நேரா சொருகுங்க, 8400 பிராசசர்லயே ஆன்போர்டு கிராபிக்ஸ் இருக்கு. கழட்டும்போதே சொருகுற பக்கத்துல இருக்கிற தங்கக் கலர் பின்னை பென்சில் ரப்பரால மெதுவா தேச்சுத் துடைங்க. முடிஞ்சா வேற சிஸ்டத்துல அதே கார்டைப் போட்டுப் பாருங்க, எஸ்எம்பிஎஸ் சந்தேகமும் தீந்துரும். மலைல இருந்து வர்ற போர்டுல பார்ட்ஸோட காலெல்லாம் பச்சை பூத்து நான் நிறைய பாத்திருக்கேன், அதையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

கோத்தகிரி ஸ்டுடியோ:
ரொம்ப நன்றிங்கண்ணா, எல்லாம் பாத்துட்டேன். ஸ்கிரீன்ஷாட்டுக்குள்ளயே கட்டம் இருக்கு. ஆன்போர்டுல ரெண்டு நாள் காலைல ஆறு மணிக்கே ஆன் பண்ணேன், ஒரு கோடு இல்ல. அரவேணுல மச்சான் சிஸ்டத்துல போட்டா அங்கயும் அதே ரோஸ் கோடு. நீங்க சொன்ன பச்சையும் இருக்குங்கண்ணா, கார்டோட பின்பக்கம் ஜன்னல் பக்கம் இருக்கிற மூலைல நாலஞ்சு கால்ல பாசி மாதிரி. சாயங்காலம் மேகம் உள்ள வரும்போதும் அந்த ஜன்னலைத் திறந்து தான் வச்சிருப்பேன். ஸ்பிரிட் போட்டு பிரஷ்ல தேச்சேன், ஒரு நாள் நல்லா வந்துச்சு, மறுநாள் மறுபடி கோடு.

காந்திபுரம் சர்வீஸ்:
அப்ப கார்டு தானுங்க. ஒரே ஒரு மெமரி சிப் போயிருந்தா மாத்தலாம், நல்லா ஓடும். அதனால அந்தக் கோயமுத்தூர்க்காரரை ரெண்டே கேள்வி கேளுங்க: எந்த சிப்புன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுவீங்களா, வேலைக்கு எத்தனை மாசம் வாரண்டி? பாக்காமயே ரீபால்னு சொல்றவருகிட்ட குடுக்காதீங்க. இன்னொண்ணு, 1060 2016ல வந்த கார்டு, அந்த வரிசைக்கு புது கேம் டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும். இதே கார்டு பழசு என்ன விலைக்கு கிடைக்குதோ அதுல பாதிக்கு மேல ரிப்பேருக்கு போகுதுன்னா நான் பண்ண மாட்டேன், என் கடைக்கு வந்தாலும் இதையே தான் சொல்லுவேன்.

குன்னூர் எடிட்டர்:
அண்ணா, நானும் எடிட்டிங் தான் பண்றேன். உங்க எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தாம போடணும்னா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பாருங்க, 70 வாட் தான், தனியா பவர் கேபிளே வேண்டாம். 8 ஜிபி 3050 வேற கார்டு, அது கரண்ட் அதிகம் இழுக்கும், பில்லுல 6 ஜிபின்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்டெல் ஆர்க் ஏ380யும் நல்ல கார்டு தான், ஆனா அதுக்கு ரீசைசபிள் பார்ங்கிற வசதி (பிராசசர் கார்டோட மெமரி முழுசையும் ஒண்ணா எடுக்கிறது) வேணும், இன்டெல் 10வது தலைமுறைல இருந்து தான் அதுக்கு சிபாரிசு பண்றாங்க, உங்களோடது 8.

ஆமா, உங்க கேமரா எதுல ரெக்கார்ட் பண்ணுது? 10 பிட் 4:2:2 ஹெச்.265னா (கலர் விவரம் அதிகமா வச்சு சுருக்குற வீடியோ வகை) 1060ஆலயும் அதை டீகோட் பண்ண, அதாவது விரிச்சுக் காட்ட, முடியாது, 3050ஆலயும் முடியாது, புது கார்டு போட்டும் டைம்லைன் இழுக்குதேன்னு அப்புறம் வருத்தப்படாதீங்க. பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் ஒரு சின்ன சைஸ் காப்பி) போட்டு எடிட் பண்ணுங்க, ஆன்போர்டுலயே ஓடும்.

கோத்தகிரி ஸ்டுடியோ:
லேட்டா வர்றேன், மன்னிக்கணும். குன்னூர் எடிட்டர் சொன்னது தான் சரிங்க, என் கேமரா அதே 4:2:2. ஹப்பா வீடியோவை முழுக்க பிராக்ஸி போட்டு ஆன்போர்டுலயே முடிச்சேன், ரெண்டர் மட்டும் ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுவேன், ரெண்டு ராத்திரில முடிஞ்சிடுச்சு, பெரியவங்க பாத்துட்டு சந்தோஷப்பட்டாங்க. அவசரம் தீந்ததும் தான் நிதானமா யோசிக்க முடிஞ்சது. கோயமுத்தூர்காரர்கிட்ட வாரண்டி கேட்டேன், ஒரு வாரம்னார், அத்தோட ரிப்பேரை விட்டுட்டேன். முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வந்துச்சு, 3050 6 ஜிபி வாங்கிப் போட்டாச்சு. இன்னைக்கோட பத்து நாள், காலைல சுத்தமா இருக்கு. டேபிளையும் ஜன்னல்ல இருந்து உள்சுவருக்கு மாத்திட்டேன்.

பழைய கார்டோட ஹீட்சிங்க்கும் ரெண்டு ஃபேனும் நல்லா இருக்கு, இதே கார்டு வச்சு ஃபேன் போனவங்க யாராவது மலைல இருந்தா கேளுங்க, காசு வேண்டாம், கடைக்கு வந்து வாங்கிட்டுப் போங்க.