சமூக சேவைக்கு ஒரு பையனை ஏத்துக்கிற இடம் வேணும் (வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம்)

வணக்கம் நண்பர்களே. தெரிஞ்ச குடும்பத்துப் பையன், 16 வயசு. கூட்டாளிகளோட சேர்ந்து பைக் திருடின கேஸ், இளைஞர் நீதிக் குழுமத்துல நடக்குது. சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பாம சமூக சேவை செய்யச் சொல்லவும் 2015 இளைஞர் நீதிச் சட்டம் 18ஆம் பிரிவுல வழி இருக்கு. ஆனா மேற்பார்வைக்கு ஒரு அமைப்போ பொறுப்பான ஆளோ வேணுமே! ‘திருட்டுக் கேஸா?’ன்னதும் எல்லாரும் நழுவுறாங்க.

பையன் கைவேலைக்காரன். எங்க வீட்டு மிக்ஸியைப் பிரிச்சு, கார்பன் பிரஷ் மாத்தி ஓட வச்சான். முதியோர் இல்லம், நூலகம், ஏரி சுத்தம் பண்ற குழு, எதுவானாலும் சரி. பக்கத்துலயே இருந்தா பஸ் செலவு மிச்சம்.

பேர், தெரு கேட்காதீங்க; 74ஆம் பிரிவுப்படி வெளியிடக் கூடாது. அடுத்த வாய்தாவுக்குள்ள நன்னடத்தை அலுவலர்கிட்ட சொல்லணும், தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க.