'டெனன்சி ரேஷியோ': குடித்தன விகிதம் எனலாமா?

> பகிர்வு விகிதம் என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, செல்போன் கோபுரத் தொழிலுக்கு நீங்கள் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் அப்படி வைத்தால் புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பகிர்வு என்றால் யாருக்கு எத்தனை பங்கு என்றுதான் மனம் போகிறது. இங்கே எண்ணுவது வேறு. ஒரு கோபுரத்துக்குச் சராசரியாக எத்தனை செல்போன் நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கின்றன என்பதுதான் கணக்கு. 100 கோபுரங்களில் மொத்தம் 180 வாடகைதாரர்கள் இருந்தால் விகிதம் 1.8. கோபுரத்தைக் கட்டி வாடகைக்கு விடும் கோபுர நிறுவனம் பிழைக்குமா என்பதை இந்த எண்ணை வைத்தே சொல்லிவிடுவார்கள். கம்பம், பேட்டரி, ஜெனரேட்டர், மாடி வாடகை எல்லாம் முதல் ஆளுக்கே செலவாகிவிடும். இரண்டாவது ஆள் தருவதில் பெரும்பகுதி லாபம்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சொல் இருக்கிறது: குடித்தனம். நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஒரு கிணறு, ஒரு வாசல், ஐந்து குடித்தனம். கோபுரமும் அப்படித்தான். ஒரே கம்பத்தில் மூன்று நிறுவனங்களின் ஆன்டெனா, கீழே எல்லோருக்கும் ஒரே மின்சாரம். வர்தா புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் எந்த சிம்மிலும் டவர் இல்லை. கிணறு வற்றினால் எல்லா வீட்டிலும் குடம் காலிதான். (டவர் என்றால் சிக்னல் என்றும் பொருள் ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? மயிலாப்பூரில் 'கோபுரம் தெரிகிறது' என்றால் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள். அது தனி இழையாகப் பேச வேண்டிய விஷயம்.)

ஒரு வித்தியாசம் உண்டு. இரண்டாவது நிறுவனம் ஏறினால் முதலாவதுக்கும் வாடகையில் தள்ளுபடி தருவது இந்தத் தொழிலின் வழக்கம். எந்தத் திருவல்லிக்கேணி வீட்டுக்காரரும் அதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குடித்தனம் காலியானால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இங்கே தொடங்கிய ஏர்செல் தன் 17,500 கோபுரங்களை 2010இல் ஜி.டி.எல். என்ற கோபுர நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்தது. 2018இல் திவால் மனு போட்டது. கோபுரங்கள் நின்றன, வாடகை நின்றுபோனது.

கம்பம், பேட்டரி, ஜெனரேட்டர் போன்றவற்றைச் சேர்த்துச் சொல்லும் 'பேசிவ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்பதற்குப் பட்டியலில் நீங்கள் தந்த 'செயலறு கட்டமைப்பு' எனக்கு ஒட்டவில்லை. கரண்ட் போனதும் எதிர்வீட்டு மாடியில் உறுமுகிற ஜெனரேட்டரைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது? அலையைத் தொடாமல் தாங்கி மட்டும் நிற்பது அது. 'தாங்கமைப்பு' போதும். ரேடியோவும் ஆன்டெனாவும் 'அலைக்கருவி'.

> குடித்தனம் என்றால் குடும்பம் நடத்துவது. நிறுவனம் எங்கே குடும்பம் நடத்துகிறது? மேலும் கோபுர நிறுவனமே, கோபுரம் நிற்க மாடியை வாடகைக்கு விட்ட மாடிக்காரருக்குக் குடித்தனக்காரர்தானே, குழம்பாதா?

முதல் கேள்விக்கு: வீட்டுக்காரர் 'குடித்தனம் வந்தாச்சா' என்று கேட்பது வாடகைக்கு ஆள் வந்தாயிற்றா என்றுதானே? சமையலைப் பற்றி இல்லையே.

இரண்டாவது நியாயமான கேள்வி, நான் யோசிக்கவில்லை. மாடிக்காரருக்குப் போவதை 'இட வாடகை' என்றும், செல்போன் நிறுவனங்கள் தருவதைக் 'கோபுர வாடகை' என்றும் பிரிக்கலாம். குடித்தனம் என்ற சொல்லை இரண்டாவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

கோபுரம் கட்டடமா, சரக்கா என்ற குழப்பம் சட்டத்திலேயே தீரவில்லை, ஐயா. சொத்து வரிக்குக் கோபுரம் ஒரு கட்டடம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் அதே நீதிமன்றம், அது கழற்றி எடுத்துப்போகக்கூடிய சரக்கு என்றது. அதனால் பட்டியலில் 'கோபுரம்' என்ற சொல்லுக்கு எதிரே 'கட்டடம்' என்று விளக்கம் எழுதியிருப்பதை மட்டும் நீக்கிவிடுங்கள். 'குடித்தன விகித'த்தைக் கேள்விக்குறியோடு சேர்த்துவையுங்கள், இன்னும் இரண்டு பேர் பேசட்டும்.