நத்தார் முடிந்தது, வாசல் கதவில் இனி என்ன மாட்டலாம்?

ஸ்கார்பரோ வாசி:
கதவில் மாட்டியிருந்த பச்சை இலை வளையமான நத்தார் ரீத்தைக் கழற்றினால் கதவு வெறிச்சென்று போய்விடுகிறது. இங்கே கனடாவில் பனி அடங்க மார்ச் ஆகிவிடும். தைப்பொங்கலுக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். வடக்குப் பார்த்த கதவு, வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவும் இருக்கிறது.

மார்க்கம் அக்கா:
ரீத்தைக் கழற்றவே வேண்டாம். சிவப்பு ரிப்பன், மணி, பளபளக்கும் உருண்டைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். பைன், சீடர் இலையெல்லாம் வெளிக்குளிரில் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நாலைந்து பைன் காய்களை மெல்லிய கம்பியால் கீழ்ப்பக்கம் கட்டுங்கள். அப்புறம் ஒரு ஓரமாகச் சிவப்பு டாக்வுட் என்ற புதர்ச்செடியின் குச்சிகளைச் செருகுங்கள். இலையெல்லாம் உதிர்ந்த பிறகுதான் அந்தத் தண்டின் சிவப்பு எடுப்பாகத் தெரியும். சாம்பல் பூத்த ஜனவரிக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்தாலே எனக்கு ஒரு தெம்பு.

அஜாக்ஸ் தம்பி:
வடக்கு என்றால் நல்லது. தெற்குப் பார்த்த வீடுகளில் இரண்டு கதவுக்கும் நடுவே வெயில் சூடு தேங்கி, இலை காய்ந்துவிடும், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஒட்டுக் கொக்கியைக் கடுங்குளிரில் ஒட்டாதீர்கள், பிடிக்காது.

மார்க்கம் அக்கா:
பொங்கலுக்கு மாவிலைத் தோரணத்தைக் கதவின் உட்பக்கம் கட்டுங்கள். வெளியே கட்டினால் உறைந்து கருத்துவிடும்.

ஸ்கார்பரோ வாசி:
சரி அக்கா, நன்றி. டாக்வுட் எங்கே கிடைக்கும்?

மார்க்கம் அக்கா:
நர்சரிகளில் கட்டாக விற்பார்கள். இப்போது விலையும் குறைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.